நாற்பது நாள் நிற்காத வாட்ச்

ஆரணி
12.6.2023

தம்பி ஹேமநாத்துக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நீ என்னிடம் கொடுத்துவிட்டுப் போன ஆட்டோமேட்டிக் வாட்சைக் கட்டிக்கொண்டு சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தனக்கோடி, "இன்னா தெய்வநாயகி, ஆம்பள வாட்சு கட்டிகினு வந்துகிற?" என்றாள். "எங்க வூட்டுக்காரர் கல்யாண நாளுக்கு வாங்கிக் குடுத்தாரு" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அவள் நேராகப் போய் உன் அண்ணனிடமே அதை விசாரித்திருக்கிறாள். மனிதர் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. அடிக்கடி கல்யாணத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

பேட்டரி இல்லை, கை ஆடினால் போதும், தானாக ஓடும் என்று நீதானே சொன்னாய். நானும் குளிக்கிற நேரம் தவிரக் கழற்றுவதில்லை. பட்டை எனக்குப் பெரிது. கையைத் தூக்கினால் முழங்கை வரை போய்விட்டுத் திரும்பி வருகிறது.

வீட்டில் இரண்டு பவர்லூமும் ஓடுகின்றன. உன் அண்ணனுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு இடுப்பு வலி இருக்கிறது, அது இல்லாவிட்டால்தான் எழுத வேண்டும். போன் அவர் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது, நீ கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தையில் அறுந்துபோகிறது. கடிதம் என்றால் யாரும் நடுவில் பிடுங்கிப் பேச முடியாது. ஐந்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

கம்பத்தில் ஏறியபின் கீழே பார்க்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி தெய்வநாயகி


கார் நிகோபார்
4.7.2023

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். இங்கே விடாத மழை. கம்பம் நட்ட குழியில் மீன் பிடிக்கலாம். அண்ணன் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டாரா, அல்லது நீங்கள் இன்னொரு கல்யாணத்துக்குப் போய்விட்டீர்களா?

கட்டிக்கொள்ளுங்கள் அண்ணி, அதற்காகத்தான் உங்களிடம் விட்டேன். மின்கம்பத்தில் ஏறுகிறவன் கையில் உலோகம் கூடாது என்று எங்கள் கான்ட்ராக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கழற்றி வைத்தால் உப்புக் காற்று தின்றுவிடும். அந்த மாடலை நான் இரண்டு வருஷம் தேடி வாங்கினேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

சில விஷயங்கள் மட்டும் பாருங்கள். ராத்திரி ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை தேதியைத் திருப்பக் கூடாது, உள்ளே பல் உடையும். டிவி, ஸ்பீக்கர், மோட்டார் பக்கத்தில் வைக்கக் கூடாது, காந்தம் ஏறிவிடும். தண்ணீர் படக் கூடாது. கையில் கட்டாமல் வைத்தால் ஒன்றரை நாள் ஓடும், அப்புறம் நின்றுவிடும்.

நிறுத்திவிடாதீர்கள் அண்ணி, அது என் நாடி. ஆள் இங்கே கம்பத்தில் தொங்குகிறேன், நாடி உங்கள் கையில் இருக்கிறது.

இடுப்புக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

உங்கள் ஹேமநாத்


ஆரணி
29.7.2023

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் பேசுகிறார். பேசாமலே இருந்திருக்கலாம்.

நடுவில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். கை வீங்கினாற்போல இருந்ததால் வாட்சைக் கழற்றி மாடத்தில் வைத்தேன். எழுந்து பார்த்தால் நாலு பத்தில் நின்றிருக்கிறது. அந்த வாரம் பார்த்து உன்னிடமிருந்து ஒன்பது நாள் போன் இல்லை. புயல், டவர் விழுந்துவிட்டது என்று நீ பிற்பாடு சொன்னாய். நான் ஒன்றும் பயப்படவில்லை. சும்மா எழுதுகிறேன்.

இப்போது அதற்கு ஒரு வழி செய்துவிட்டேன். இனி எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அது நிற்காது. எப்படி என்று கேட்காதே, தொழில் ரகசியம். இத்தனை வருஷம் வாட்ச் வாட்ச் என்று அலைந்தவனுக்கு இது தோன்றவில்லை பார்.

மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை வைத்து ஒரு புடவைப் பாவு தறியில் ஓடுகிறது, கண்ணைப் பறிக்கிறது. உனக்குப் பெண் பார்க்கும்போது அந்த நிறத்தில் எடுக்கலாம். பெண்தான் இன்னும் கிடைக்கவில்லை.

தலைக்கு எண்ணெய் வை.

அண்ணி


கார் நிகோபார்
21.8.2023

அன்புள்ள அண்ணிக்கு,

காய்ச்சல் முழுக்கப் போய்விட்டதா? கசாயம் குடித்தீர்களா, அல்லது அண்ணனைக் குடிக்க வைத்தீர்களா?

உங்கள் ரகசியத்தை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பூனைக் கழுத்தில் கட்டிவிட்டீர்களா? எப்படியோ, ஓடுகிறது என்றால் சந்தோஷம்.

ஏதாவது கோளாறு என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கூடப் படித்த இன்னாசிமுத்து கடை இருக்கிறது, அவனிடம் மட்டும் கொடுங்கள். வேறு யாரும் அதன் பின்மூடியைத் திறக்கக் கூடாது. அவன் கை பட்டு ஒரு வாட்ச் கெட்டதாக நான் கேட்டதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, எத்தனை பிந்துகிறது என்று அண்ணன் போனை வைத்துப் பார்த்து எழுதுவீர்களா? அதைத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு சுகம்.

ஹேமநாத்


ஆரணி
9.10.2023

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

இங்கே நல்ல மழை. நாகநதியில் தண்ணீர் போகிறது என்று உன் அண்ணன் வேலை வெட்டியை விட்டுவிட்டுப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். பூனை நாலு குட்டி போட்டது, பாவுப் பெட்டிக்குள். ஒன்றுக்கு ஒரு காது மடங்கியிருக்கிறது. எதிர் வீட்டில் புது மிக்ஸி வாங்கி, தினமும் காலை ஐந்தரைக்கு எல்லோருக்கும் கேட்கும்படி அரைக்கிறார்கள். ஆரணி பிரியாணி கேட்டாய் என்று உன் பங்கையும் நானே சாப்பிட்டேன். மஞ்சள் பாவு முடிந்தது, இப்போது கத்தரிப்பூ நிறம். அரிசி விலையைப் பற்றி எழுதினால் உனக்குத் தூக்கம் வராது.

எல்லோரும் நலம். எல்லாம் நலம்.

அண்ணி


கார் நிகோபார்
31.10.2023

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு நலம்தானே? பூனைக்குட்டியின் காதுவரை எழுதியிருக்கிறீர்கள். வாட்சைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

ஹேமநாத்


ஆரணி
22.11.2023

தம்பிக்கு,

நலமா? நான் நலம்தான்.

உனக்கு எழுத வேண்டாம் என்று பார்த்தேன். வாட்ச் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்று இன்னாசியிடம் கொடுத்தேன், நீ சொன்னபடியே. அவன் திறந்தான். திறந்த பிறகுதான் உள்ளே சுற்றுகிற தகடு கழன்றுகொண்டது என்கிறான், ஊசி உடைந்துவிட்டது என்கிறான். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும். கொடுக்கும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கை நழுவியிருக்கும், யாருக்கும் நடப்பதுதான். அவனைத் திட்டாதே.

குளிர் காற்றில் நிற்காதே.

அண்ணி


ஆரணி
16.12.2023

அன்பு நண்பன் ஹேமநாத்துக்கு,

இன்னாசிமுத்து எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் லிடியாவும் குழந்தையும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ போனில் அனுப்பிய செய்தி வந்தது. அதில் நீ எழுதிய வார்த்தைகளை நான் திருப்பி எழுதவில்லை. வாட்ச் என் கடையில் இருக்கிறது. பழுதாகியிருப்பதும் உண்மை. கவனக் குறைவு என்று எழுதியிருந்தாய், அப்படியே வைத்துக்கொள். உதிரிபாகத்துக்குச் சென்னையில் சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை மாதம் ஆனாலும் பழையபடி ஓட வைத்துத் தருவது என் பொறுப்பு.

வீட்டில் யாரையும் இதுபற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். பண்டிகைக்கு இங்கே கேக் செய்கிறோம், உன் பங்கை அண்ணியிடம் கொடுக்கிறேன்.

இன்னாசிமுத்து


கார் நிகோபார்
3.1.2024

அன்புள்ள அண்ணிக்கு,

புது வருஷ வாழ்த்து. நலமாக இருப்பீர்கள்.

இன்னாசி எழுதிவிட்டான், அவனே ஒப்புக்கொண்டான். ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. கேக் கொடுக்கிறானாம். சிக்னல் கிடைத்த அன்று எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைப் போட்டுவிட்டேன், இனி நம்பி யாரும் அவனிடம் வாட்ச் கொடுக்காதீர்கள் என்று. நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். பாதிப் பேர் ஆரணிக்காரர்கள். அவன் அதைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை.

உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அண்ணி. நீங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஹேமநாத்


ஆரணி
24.1.2024

தம்பி,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. இதை முழுக்கப் படி. பாதியில் கிழித்துவிடாதே.

உன் வாட்சைக் கெடுத்தது நான்தான்.

காய்ச்சலில் அது நின்றபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. நாடி என்று எழுதியிருந்தாய். நின்ற கடிகாரம் வீட்டில் இருந்தாலே ஆகாது என்பார்கள், இது உன் வாட்ச், நீயோ கம்பத்தில் தொங்குகிறாய், போனும் இல்லை. கையில் கட்டினால் தூக்கத்தில் ஆட்டம் நின்றுவிடுமோ, ஒரு வேலையாகக் கழற்றி மறந்துவிடுவேனோ என்று பயம். அப்போதுதான் தறியைப் பார்த்தேன். ஒவ்வொரு இழைக்கும் முன்னே போய்ப் பின்னே வருகிறதே அந்தப் பலகை, நாள் முழுக்க அது ஆடுவது போல எந்தக் கை ஆடும்? புடவைக் கிழிசலில் சுற்றி வாட்சை அதில் கட்டிவிட்டேன். காலை ஏழுக்குத் தறி போட்டால் ராத்திரி எட்டு வரை அதுவும் ஆடும். உன் அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னாடி, தறிக்கு வாட்ச் கட்டி வுட்டிருக்க, அதுக்கு ஷிப்ட் டைம் பாக்கணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாற்பது நாள் நிற்கவே இல்லை. உன்னிடமிருந்து போனும் வாராவாரம் ஒழுங்காக வந்தது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. கடைசி வாரத்தில் நாளைக்குப் பத்து நிமிஷம் முந்த ஆரம்பித்தது. காதில் வைத்தால் உள்ளே கலகலவென்றது. நாற்பத்தொன்றாம் நாள் முள் அசையவில்லை. மோட்டார் பக்கம் வைக்காதே என்று நீ எழுதியிருந்ததை அப்போதுதான் எடுத்துப் படித்தேன்.

இரண்டு மாதம் அரிசிப் பானையில் ஒளித்து வைத்துவிட்டு, அப்புறம் இன்னாசியிடம் கொண்டுபோனேன். கண்ணில் அந்தக் குழாயை வைத்துக்கொண்டு பார்த்தான். திருகாணி இடுக்கிலிருந்து சாமணத்தால் ஒரு சின்ன நூல் துணுக்கை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தான்.

"இன்னா கலர் பொடவை ஓடிகினு இருந்துது அண்ணி?" என்றான்.

"மாம்பழ மஞ்சள்."

"ம்" என்றான். தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, "கையில கட்டுனது பத்து வருஷத்துல தேயிறது, இது ஜல்தியா தேஞ்சுட்டுது. பரவால்ல, பாக்கலாம்" என்றான். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உனக்கு அப்படி எழுதினேன். அவனைத் திட்டாதே என்று வேறு எழுதினேன். திட்டுவாய் என்று தெரியாமலா.

உன் ஜனவரிக் கடிதம் வந்ததும் கடைக்கு ஓடினேன். கடை திறந்திருந்தது, இன்னாசியும் லிடியாவும் தவிர ஆள் இல்லை. சுவரில் வரிசையாக மாட்டியிருக்குமே, அதில் பாதிக் கொக்கி காலி. உங்கள் கூடப் படித்த குமரேசன் வந்து பழுது பார்க்காமலே தன்னுடையதை வாங்கிப் போய்விட்டானாம். ஸ்கூல் வாத்தியார் திருமலையும் அப்படியே. லிடியா தண்ணீர் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏண்டா நீதான்னு எழுதின?" என்று கேட்டேன்.

"நான் இல்லன்னு எழுதினா, அப்ப யாருன்னு கேப்பான் அண்ணி. வாட்ச் கடைன்னா ஆரணில நாலு கீது. அவனுக்கு ஊடு ஒண்ணுதான கீது."

நான் எத்தனை பேரை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன் தம்பி. அன்றைக்குக் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். கேக் கொடுத்தபோதும் வாங்கித் தின்றவள்தானே.

உன் குரூப்பில் இதை அப்படியே போடு. என் பேரைப் போடு.

தெய்வநாயகி


கார் நிகோபார்
15.2.2024

அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. நாலு நாள் எழுதப் பிடிக்கவில்லை.

குரூப்பில் போட்டுவிட்டேன். உங்கள் பேரைப் போடவில்லை, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் போட்டேன். இன்னாசிக்குத் தனியாக எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள், மூன்று தாள் கிழித்தேன்.

வாட்ச் நின்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. நான் வாங்கும்போதே அது ஒரு பீரோவில் ஆறு வருஷம் நின்று கிடந்தது. நின்றால் அதற்கும் கெடுதல் இல்லை, எடுத்து ஆட்டினால் ஓடும். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நாடி அது இது என்று எழுதியது என் வாய்க்கொழுப்பு.

கோபம் இருக்கிறது. வாட்சுக்காக இல்லை. இன்னாசியைப் பார்த்து என்னைக் குரைக்க விட்டீர்களே, அதற்காக. அது தீரக் கொஞ்ச நாளாகும். குரூப்பில் போட்டால் படிக்கிறவன் படிப்பான். திருமலை சார் அதில் இல்லை. கடைக்கு வந்துபோகிறவர்கள் பாதிப் பேர் இல்லை. அதனால் நீங்களே ஒரு நாள் கடையில் நாலு பேர் இருக்கும்போது போய்ச் சொல்லுங்கள்.

அண்ணன் இருமலுக்கு மருந்து வாங்கினாரா?

ஹேமநாத்


ஆரணி
6.3.2024

தம்பிக்கு,

அண்ணன் மருந்து வாங்கினார், குடிக்கவில்லை. நீ கோபமாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுக் கோபமாக இரு.

போன திங்கட்கிழமை போனேன். வேண்டுமென்றே கூட்டமான நேரம் பார்த்துப் போனேன், ஆனால் வாசல் வரைக்கும் போய் மூன்று தடவை காய்கறிக் கடைக்குத் திரும்பிவிட்டேன். கையில் ஒரு கட்டுக் கீரையும் இரண்டு கிலோ பூசணியுமாகத்தான் கடைசியில் உள்ளே நுழைந்தேன். ஐந்து பேர் இருந்தார்கள். அவர்கள் போகத் திருமலை வாத்தியாரும் இருந்தார், நானே அவர் வீட்டுக்குப் போய் வரச் சொல்லியிருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னேன். "என் கொழுந்தன் வாட்ச் கெட்டதுக்கு இன்னாசி மேல பழி போட்டேன். கெடுத்தது நான். தறியில கட்டுனேன்." இவ்வளவுதான். காது இரண்டும் சூடாகிவிட்டது. இன்னாசி குனிந்த தலை நிமிரவில்லை. அவன் உன் வாட்சைத்தான் அப்போது பூட்டிக்கொண்டிருந்தான், சென்னையிலிருந்து பாகம் வந்துவிட்டது.

நாலு பேர் சிரித்தார்கள். "தறியில எங்க கட்னீங்க?" என்று ஒருவர் விவரமாகக் கேட்டார், சொன்னேன். சிரிக்காத ஐந்தாவது ஆளும் தறிக்காரர். "பலகையில கட்டக் கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டார். கூடாது என்றேன். எழுந்து வேகமாக வீட்டுக்குப் போய்விட்டார்.

வாத்தியார் மட்டும் என்னை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பத்துத் திட்டு மேல். பிறகு தன் வாட்சைக் கழற்றி இன்னாசி முன்னால் வைத்தார். இன்னாசி வாங்கிக் கொக்கியில் மாட்டினான். எனக்கு உட்கார முக்காலி போட்டான். நான் உட்காரவில்லை, கிட்டே போய் உன் வாட்சை எட்டிப் பார்த்தேன். தகடு போட்டாயிற்று, ஒரு திருகு போட்டாயிற்று, இன்னும் ஒன்றுதான் பாக்கி, ஓடுகிறது என்று காட்டினான். ரவையில் பாதி இருக்கும் அந்தத் திருகு. சாமணத்தில் பிடித்திருந்தான்.

எனக்குத் தும்மல் வந்தது.

கடையில் இருந்த எல்லோரும் தரையில் தேடினோம், வாத்தியார் உட்பட. பெருக்கக் கூடாதாம், பெருக்கினால் போய்விடுமாம். இன்னாசி ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரையில் இழுத்தான். மத்தியானம் வரைக்கும் ஆணி ஒன்பதும் ஊக்கு இரண்டும் கிடைத்தன.

தெய்வநாயகி